பழுதான பழைய வீட்டை முதல் வீடாக வாங்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். பல வருடச் சேமிப்பு முன்பணத்துக்கே சரியாகப் போகும், மீதிக்குக் கடன். கிடைத்திருப்பது முப்பது வருடத்துக்கு மேல் ஆன தனி வீடு. மொட்டைமாடியில் கசிவு, கூடத்துச் சுவரில் விரிசல், குளியலறையை ஒட்டிய அறையில் ஓதம், ஒயரிங் பழசு. இதெல்லாம் இருப்பதால்தான் விலை உங்கள் கைக்கு எட்டுகிறது. “வாங்கிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்துகொள்ளலாமா?” என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் “கொஞ்சம் கொஞ்சமாக” என்பதில்தான் கண் நின்றது. நீங்கள் பணம் சேர்த்துக்கொண்டு வரும் வரைக்கும் அந்த வீடு பொறுத்துக்கொள்ளுமா? நீங்கள் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

நான் கட்டடப் பொறியாளன். புது வீடு கட்டியது குறைவு, பழைய வீடுகளைப் பழுது பார்த்ததுதான் அதிகம். இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலைதான். அதனால் சுவர், தளம், கம்பி, தண்ணீர் பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்கிறேன். பத்திரம், கடன் விதிகள் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும், அது என் துறையும் இல்லை. வக்கீலிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்காதீர்கள். இன்னொன்று, அந்த வீட்டை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்து எங்கே பார்க்க வேண்டும், பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சொல்ல முடியும்.

பழுதுகளை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன்: வளரும் பழுது, நிற்கும் பழுது. உடைந்த டைல்ஸ், அசிங்கமான சமையல் மேடை, இழுத்தால் திறக்காத அலமாரி, பத்து வருடமாகப் பெயின்ட் காணாத சுவர், இவையெல்லாம் நிற்கும் பழுது. ஐந்து வருடம் கழித்துச் செய்தாலும் வேலை அதே வேலைதான், கூலியும் சாமான் விலையும் ஏறியிருக்கும், அவ்வளவுதான். தளத்துக் கசிவு, துருப்பிடிக்கும் கம்பி, மண்ணில் இறங்கிக்கொண்டிருக்கும் அஸ்திவாரம், கரையான், உருகத் தொடங்கிய ஒயர் எல்லாம் வளரும் பழுது. இவற்றுக்கு இன்றைக்கு ஒரு கணக்கு, இரண்டு வருடம் கழித்து வேறு கணக்கு. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் திட்டம் முதல் வகைக்குத்தான் பொருந்தும். கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிவது பெரும்பாலும் முதல் வகைதான். இரண்டாவது வகை அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாது. புதிதாக வாங்குகிறவர்கள் சமையலறையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, பால்கனிக்கு அடியில் நிமிர்ந்து பார்க்காமலே கிளம்புவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

வளரும் பழுதுகளில் முக்கால்வாசிக்குத் தண்ணீர்தான் காரணம். அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக மேலே போங்கள். மொட்டைமாடியில் தண்ணீர் வடியும் வாய் எங்கே இருக்கிறது, தளம் அதை நோக்கிச் சரிகிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் வேண்டும். மழை விட்டு இரண்டு நாள் ஆன பிறகும் ஒரு மூலையில் தண்ணீர் நிற்கிறது என்றால், அங்கே வாட்டம் இல்லை என்று அர்த்தம். காய்ந்த நாளில் போனாலும் கண்டுபிடித்துவிடலாம், தண்ணீர் நின்று வற்றிய இடத்தில் கறுப்பாகப் பாசிக் கறையும் விளிம்பில் வட்டமாக மண் கோடும் இருக்கும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, குழாய் தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடம், தண்ணீர்த் தொட்டிக்கு அடி, இந்த மூன்றும்தான் கசிவு தொடங்கும் வழக்கமான இடங்கள். தளத்தின் நடுவில் தொடங்கும் கசிவு குறைவுதான். “தண்ணீர் கட்டிப் பார்த்துவிடலாம்” என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீரின் எடை 10 கிலோ. பத்துச் சதுர மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் கட்டினால் அரை டன். கம்பி தெரிகிற பழைய தளத்தின் மேல் அந்தப் பரீட்சை வேண்டாம்.

ஓதம் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவரின் அடியில், ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வரை பட்டையாக இருக்கும். அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். குழாய்க் கசிவோ மழைக் கசிவோ என்றால் கறை ஒரு இடத்தில் தொடங்கிப் பரவும். மூன்றாவது, காற்றோட்டம் இல்லாத அறையில் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. இது பெரும்பாலும் மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் கறுப்புப் பூஞ்சையாகத் தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. கையகல அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் ஈரமாக இருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இதற்கு வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும், கேட்டுவிடுங்கள். அவர் சங்கடப்படுகிறாரா என்பதிலும் ஒரு சேதி இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் குளியலறையை ஒட்டிய அறையில் ஓதம் என்கிறீர்கள். குளியலறைத் தரைக்கு அடியில் உள்ள இணைப்போ, சுவருக்குள் போகும் குழாயோ கசிகிறது என்பதுதான் என் முதல் ஊகம். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள், மீட்டர் இருந்தால். அது நகர்ந்தால் மீட்டருக்குப் பிறகு எங்கோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. நகரவில்லை என்றாலும் நிம்மதி அடைய வேண்டாம். மேலே தொட்டி வைத்து இறக்கும் வீடுகளில் கசிவு தொட்டிக்குக் கீழே இருந்தால் மீட்டருக்குத் தெரியாது. கழிவுநீர்க் குழாய் கசிந்தாலும் தெரியாது, தண்ணீர் ஊற்றும்போது மட்டும்தான் அது கசியும். “உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போதும் சார்” என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். சுவருக்குள்ளிருந்து வரும் தண்ணீரை உள்பக்கப் பெயின்டால் நிறுத்த முடியாது. தண்ணீரோடு வரும் உப்பு பெயின்டுக்குப் பின்னால் படிகமாகி, அதைக் கொப்புளமாகத் தள்ளி உரித்துவிடும். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் சுவருக்குச் செலவழிக்கும் காசு வீண். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்து விரிசல். எல்லாருக்கும் பயம் இதில்தான் அதிகம், ஆனால் பெரும்பாலான விரிசல் ஒன்றும் செய்யாது. பூச்சு காயும்போது விழும் தலைமுடி விரிசல், தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடுவது, பீமுக்கு அடியில் படுக்கையாகப் போவது, இவையெல்லாம் அந்த ரகம். கடைசி இரண்டும் இரண்டு வேறு பொருட்கள் வெயிலுக்கும் குளிருக்கும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருபவை. மெல்லியதாக இருந்தால் சும்மா விடலாம். கவலைப்பட வேண்டியது சாய்வாக, படிக்கட்டு மாதிரி செங்கல் இடுக்குகளில் ஏறிப்போகும் விரிசலைப் பார்த்தால்தான். அதிலும் ஒரு முனை அகன்று மறு முனை ஒடுங்கியிருந்தால், சுவரின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கலாம். அகலத்தை அளக்க உங்கள் பர்ஸிலேயே கருவி இருக்கிறது: வங்கி அட்டையின் தடிமன் சுமார் 0.76 மில்லிமீட்டர். அட்டை நுழையாத விரிசலைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்ததைப் பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்த விரிசலைப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கதவும் ஜன்னலும் இடிக்காமல் மூடுகின்றனவா என்றும் பாருங்கள், நிலை கோணியிருந்தால் சுவர் நகர்ந்திருக்கலாம்.

அகலத்தைவிட முக்கியம் அது இன்னும் நகர்கிறதா என்பது. இதைத்தான் வளரும் பழுது, நிற்கும் பழுது என்றேன். வாங்கப்போகிறவருக்கு ஆறு மாதம் காத்திருந்து அளக்க வழியில்லை. அதனால் விரிசலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பழைய பெயின்ட் இறங்கியிருந்தால், கடைசியாகப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே இருந்த விரிசல் அது. ஓரங்கள் மழுங்கி, உள்ளே தூசியும் சிலந்தி வலையுமாக இருந்தால் அதுவும் பழசு. ஓரம் கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருந்தால் புதிது. ஏற்கெனவே சிமென்ட்டோ பட்டியோ வைத்து அடைத்த இடத்தில், அடைப்பின் நடுவிலேயே மறுபடியும் பிளந்திருந்தால் அது இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்தக் கடைசி அடையாளம் ஒன்று இருந்தாலே எனக்கு வேறு எதுவும் தேவைப்படாது, அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கச் சொல்வேன். ஏன் நகர்கிறது என்பதை மேலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சுவரோரம் உடைந்த கழிவுநீர்க் குழாய் மண்ணை அரித்திருக்கலாம், ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் சுருங்கும் களிமண்ணாக இருக்கலாம், பக்கத்தில் பெரிய மரம் இருக்கலாம். குழாய்தான் காரணம் என்றால் செலவு பெரும்பாலும் தாங்கக்கூடியது. மண்ணே காரணம் என்றால் குறைந்த பட்ஜெட்காரர்களுக்கு அந்த வீடு வேண்டாம்.

இப்போது கம்பி. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த வரையில் பட்ஜெட்டைக் கவிழ்த்தது அதிகமும் இதுதான். நல்ல கான்கிரீட் காரத்தன்மை உடையது, அதன் பிஎச் அளவு 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு வருடக்கணக்காக உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. பிஎச் 9 வாக்கில் இறங்கிவிட்டால் காப்பு போய்விடும், ஈரம் பட்டால் துரு தொடங்கும். துருவானது இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்குதலில் கான்கிரீட் கம்பியின் நீளத்துக்கே வெடித்துப் பெயர்கிறது. வெடித்ததும் காற்றும் தண்ணீரும் இன்னும் சுலபமாக உள்ளே போகும், துரு இன்னும் வேகமாகும். தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் பழுது இது. காரம் குறைவது ஆழத்துக்கு ஆழம் மெதுவாகும் என்பதால், கம்பியை 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருந்த இடம் 10 மில்லிமீட்டர் இருந்த இடத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் தாங்கும். கட்டும்போது யாரோ ஒரு கொத்தனார் கம்பியைத் தூக்கி நிறுத்த அடியில் கட்டை வைத்தாரா இல்லையா என்பது முப்பது வருடம் கழித்து இப்படி வெளியே வருகிறது. கடலோரமாக இருந்தால் உப்புக்காற்று இந்தக் கணக்கையெல்லாம் இன்னும் குறைத்துவிடும்.

எங்கே பார்ப்பது? பால்கனி, சன்ஷேடு, குளியலறைக்கு மேல் தளம், மாடிப்படிக்கு அடிப்பக்கம். கம்பியின் இடைவெளிக்கு ஏற்றபடி சம தூரத்தில் கோடு கோடாக விரிசலும் காவி நிறக் கறையும் தெரிந்தால் அதுதான். ஒரு சின்னச் சுத்தியலின் கட்டைப் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் “டங்” என்று இறுக்கமாகக் கேட்கும், பெயர்ந்து நிற்கும் இடத்தில் “டொப்” என்று பானையைத் தட்டியதுபோல் கேட்கும். ஒருமுறை இப்படித் தட்டும்போது உள்ளங்கை அளவு துண்டு என் தோளில் விழுந்தது. உள்ளே கம்பி இருந்த இடத்தில் மரப்பட்டை மாதிரி அடுக்கடுக்காகத் துருதான் இருந்தது, நகத்தால் உரித்தேன், நடுவில் பென்சில் முனை கனத்துக்கு இரும்பு மிச்சம். கீழே நின்று தட்டாதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். பெயர்ந்த இடம் இருந்தால் பொறியாளர் அங்கே ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்ப்பார். காரம் மிச்சமிருக்கும் கான்கிரீட் ரோஜா நிறமாக மாறும், போய்விட்ட பகுதி நிறமில்லாமல் இருக்கும். எவ்வளவு ஆழம் கெட்டிருக்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

ஒரு சன்ஷேடு, ஒரு பால்கனி ஓரம் என்றால் சரி செய்துவிடலாம். முறை என்னவென்றால் கெட்ட கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை வெட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்து, அதற்கான கலவையால் நிரப்ப வேண்டும். வெறுமனே சிமென்ட் பூசி மறைத்தால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் திரும்பி வரும். அறைகளின் கூரை முழுவதும் இப்படி இருந்தால் அந்த வீட்டுக்கு நீங்கள் கொடுப்பது மனையின் விலைதான் என்று வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். அதற்கு ஒத்துவரவில்லையா, நகர்ந்துவிடுங்கள்.

ஒயரிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: முப்பது வருடத்துக்கு மேல் ஆகி, ஒருமுறைகூட மாற்றவில்லை என்றால் மாற்றிவிடுவதாகவே கணக்குப் போடுங்கள். பிளக்கில் மூன்றாவது துளை இருப்பதாலேயே எர்த் இருப்பதாக நினைக்க வேண்டாம், பின்னால் ஒயரே இல்லாத துளைகள் ஏராளம். எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் அளக்கச் சொல்லுங்கள். ஒயரிங் முழுவதும் மாற்ற இப்போது பணம் இல்லையென்றாலும், நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்சும் குடிபோகும் முன் போட்டுவிடுங்கள். பழைய ஒயரில் கசிவு இருந்தால் அந்த ஸ்விட்ச் அடிக்கடி விழும். அப்போது ஸ்விட்ச்சைக் கழற்றச் சொல்வார்கள், கழற்றாதீர்கள். குழாய்கள் இரும்பாக இருந்தால் காலையில் வரும் முதல் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள், இரண்டு குழாயைச் சேர்த்துத் திறந்து வேகம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். கரையானுக்கு நிலைகளின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்து, சுவரில் பென்சில் கனத்துக்கு மண் கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் இருந்தால் உலர்ந்த பெயின்டைத் தேய்த்துப் புழுதி கிளப்பாமல் நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு உடையாமல் கிடந்தால் கிடக்கட்டும், அதில் துளை போடுவதோ அறுப்பதோ வேண்டாம்.

எல்லாம் பார்த்த பிறகும் தெரியாதது ஒரு பங்கு இருந்தே தீரும். தரைக்கு அடியில் போகும் கழிவுநீர்க் குழாய், சுவருக்குள் இருக்கும் ஒயர், பூச்சுக்குப் பின்னால் இருக்கும் செங்கல், இவற்றை உடைக்காமல் யாராலும் உறுதி சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. ஒரு அறைக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் அந்த அறைக்கு மட்டும் என்று கேளுங்கள். பீரோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்கள், காலண்டரைத் தூக்கிப் பாருங்கள். என்னைக் கேட்டால் கசிவும் விரிசலும் பட்டவர்த்தனமாகத் தெரிகிற வீட்டை, விற்பதற்காகப் பளபளப்பாக்கிய வீட்டைவிட நம்புவேன். உங்கள் வீடு முதல் ரகம், அது ஒரு நல்ல விஷயம்தான்.

இனிப் பணம். பழுதில்லாத இதே அளவு வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது 85-க்கு வருகிறது, 15 மிச்சம் என்று தோன்றும். வளரும் பழுதுகளுக்கு 10 ஆகிறது. அந்த வேலை முடியும் வரை இருக்கும் வீட்டின் வாடகையும் புதுக் கடனின் தவணையும் சேர்ந்தே ஓடும், அதற்கு ஒரு 2. எதிர்பாராததற்கு 3. மிச்சம் எங்கே? அப்போது நீங்கள் வாங்குவது மலிவான வீடு இல்லை, முழு விலை வீடு, கூடவே தலைவலியும். அதனால் கேட்கும் விலையிலிருந்து தொடங்காதீர்கள். பழுதில்லாத வீட்டின் விலையை விசாரித்து, அதிலிருந்து இவற்றையெல்லாம் கழித்து, தலைவலிக்கும் கொஞ்சம் கழித்து, வரும் தொகையிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள். எதிர்பாராததற்கு நான் பழுதுச் செலவில் 20 சதவீதம் ஒதுக்கச் சொல்வேன், கம்பித் துரு இருந்தால் 30. இது கணக்கு வைத்துக் கண்டுபிடித்ததில்லை, கை சுட்டுச் சுட்டு வந்த எண். கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வீட்டின் மதிப்பைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், பழுதுக்குத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். சேமிப்பு முழுவதையும் முன்பணத்தில் கொட்டிவிட்டு, பழுதுக்குத் தனிநபர் கடன் வாங்கலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அதைவிட முன்பணத்தைக் கொஞ்சம் குறைத்து வீட்டுக் கடனையே கூட்டிக்கொள்வது பல சமயம் மலிவாக முடியும், வட்டியை இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

மதிப்பீடு வாங்கும்போது “மொத்தம் இவ்வளவு” என்று ஒற்றை வரியில் வாங்காதீர்கள். எத்தனை சதுர மீட்டர் பூச்சு, எத்தனை மீட்டர் குழாய், எத்தனை மின் பாயின்ட் என்று அளவோடு எழுதி வாங்குங்கள். அப்போதுதான் இரண்டு பேரின் விலையை ஒப்பிட முடியும், வேலை கூடினால் எவ்வளவு கூடும் என்பதும் முன்பே தெரியும். பணத்தை வேலை நடக்க நடக்கப் பிரித்துக் கொடுங்கள், கடைசிப் பங்கை ஒரு மழை பார்த்த பிறகு.

வேலையின் வரிசை பற்றி ஒரு சொந்தக் கதை. என் முதல் வீட்டில், நான் பொறியாளனாக இருந்தும், குடிபோகும் அவசரத்தில் முதலில் தரைக்கு டைல்ஸ் போட்டேன், பெயின்ட் அடித்தேன். மாடி வேலையை “அடுத்த வருடம்” என்று தள்ளி வைத்தேன். முதல் மழையிலேயே கூடத்துக் கூரையில் தேசப்படம் மாதிரி கறை. குளியலறைக் குழாயைத் தேட, புது டைல்ஸில் எட்டை உடைக்க வேண்டியிருந்தது. அதே நிறம் அதற்குள் கடையில் தீர்ந்துபோய், இன்றைக்கும் வேறு நிறத்தில் எட்டு டைல்ஸ் இருக்கின்றன. என் மனைவி விருந்தாளிகளுக்கு அதைக் காட்டாமல் விடுவதில்லை. ஆகவே மேலிருந்து கீழே, வெளியிலிருந்து உள்ளே: முதலில் மொட்டைமாடியும் வெளிச்சுவரும், அடுத்து கம்பி, விரிசல், பிறகு சுவருக்குள் போகும் குழாயும் ஒயரும், அதன் பிறகு பூச்சு, கடைசியில் தரையும் பெயின்டும். ஊறிய சுவருக்கு உடனே பெயின்ட் அடிக்காதீர்கள். கசிவை அடைத்த பிறகு 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்பது சுவர் உலர்வதற்கான பழைய கணக்கு. 230 மில்லிமீட்டர் சுவர் நன்றாக ஊறியிருந்தால் ஒன்பது மாதம். நல்ல காற்றும் வெயிலும் இருந்தால் சீக்கிரமே உலரலாம், ஆனால் இரண்டு வாரத்தில் உலராது. அதுவரை அந்தச் சுவர் அசிங்கமாகவே இருக்கட்டும்.

குடியிருந்துகொண்டே செய்யலாமா என்றால், மாடி வேலையையும் வெளிப்பூச்சையும் செய்யலாம். ஒயரிங்கும் கூரைக் கம்பி வேலையும் காலி வீட்டில்தான் நடக்க வேண்டும். கழிவறை ஒன்றுதான் இருக்கிறது என்றால் அந்த வேலையையும் குடிபோகும் முன்பே முடித்துவிடுங்கள். காசு மிச்சம் பிடிக்க உங்கள் கையால் செய்யக்கூடியவை உண்டு: பழைய பெயின்டைச் சுரண்டுவது, குப்பை அள்ளுவது, பெயின்ட் அடிப்பது, கதவுக்கு எண்ணெய் போடுவது. ஒயரையும் தாங்கு சுவரையும் தொடாதீர்கள். “இந்தச் சுவரை எடுத்துவிட்டால் கூடம் பெரிதாகும்” என்று கொத்தனார் சொன்னாலும் அது எதைத் தாங்குகிறது என்று பொறியாளர் பார்த்த பிறகுதான்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் தேவையில்லை, அங்கேயே நின்றுவிடுங்கள். அது சரியாக இருந்தால், நீங்கள் சொன்ன நான்கில் மாடிக் கசிவும் குளியலறை ஓதமும் ஒயரிங்கும் செலவு கணிக்கக்கூடியவை, அவற்றுக்காக நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என் முடிவு இரண்டு விஷயத்தில்தான் தொங்குகிறது: அந்தக் கூடத்து விரிசல் சாய்வாகப் போகிறதா, அடைத்த இடத்தில் மறுபடி பிளந்திருக்கிறதா என்பது ஒன்று. கசிவுக்கு நேர் கீழே கூரையைத் தட்டினால் என்ன சத்தம் வருகிறது என்பது இன்னொன்று. மழை பெய்த மறுநாள் காலையில், வங்கி அட்டையும் டார்ச்சும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். இரண்டிலும் நல்ல பதில் கிடைத்தால், உள்ளூரில் ஒரு பொறியாளருக்கு ஒரு நாள் கட்டணம் கொடுத்து உறுதி செய்துகொண்டு, 85-ஐ எவ்வளவு இறக்க முடியுமோ இறக்கி வாங்குங்கள். விரிசலின் படத்தை, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து எடுத்துப் போட்டீர்கள் என்றால் பார்த்துச் சொல்கிறேன்.